கொம்பும் எக்காளமும் ஒன்றல்ல: அகராதி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் அகராதிகளைத் தொகுத்தும் திருத்தியும் வரும் பதிப்பாசிரியர்களுக்கும், பாடநூல்களுக்குச் சொற்பொருள் எழுதும் ஆசிரியப் பெருமக்களுக்கும்,

வணக்கம்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் நான். சில ஆண்டுகளுக்கு முன் போர்க்கால நினைவுக்குறிப்பு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருந்தபோது, படைவீரர் ஒருவரை அடக்கம் செய்யும் காட்சி வந்தது. குழிக்கருகே ஒருவர் நின்று பியூகிள் (bugle) என்னும் படைமுகாம் ஊதுகருவியை ஊதுகிறார், காட்சி அவ்வளவே. கைவசம் இருந்த ஆங்கில–தமிழ் அகராதி அச்சொல்லுக்கு நேராக எக்காளம், ஊதுகொம்பு, காகளம் என்று மூன்று சொற்களைக் காற்புள்ளியிட்டு அடுக்கியிருந்தது. முதலில் நின்ற சொல்லை நம்பி 'எக்காளம் முழங்கியது' என்று எழுதி அனுப்பிவிட்டேன். மெய்ப்புத் திருத்திய அம்மையார் அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு கேள்வியை எழுதித் திருப்பி அனுப்பியிருந்தார்: "இறந்தவரைப் பார்த்து எக்காளமிடுவது யார்?"

அவர் கேட்டதில் தவறில்லை. எக்காளம் என்ற சொல் இன்றைய வாசகரின் காதில் ஒரு பித்தளைக் கருவியாக ஒலிப்பதில்லை. எக்காளச் சிரிப்பு, எக்காளமிடும் எதிரி என்று அது வென்றவனின் ஏளனமாகவே பழகிவிட்டது. கருவியின் பெயர் குணத்தின் பெயராக மாறிய பிறகு, அதைப் பழைய பொருளில் இடுகாட்டுக்குக் கொண்டுவந்தால் காட்சியே தலைகீழாகிவிடும். அகராதியோ இதைப் பற்றி ஒரு குறிப்பும் தரவில்லை. மூன்று சொற்களையும் ஒரே எடையாக்கி என் முன் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. அந்த ஓரக்குறிப்பு என்னைப் பழைய நூல்கள் பக்கம் திருப்பியது. அங்கே கண்டவற்றைத் தங்கள் முன் வைக்கவே இம்மடலை எழுதுகிறேன்.

பியூகிள் என்ற சொல்லின் மூலத்திலிருந்து தொடங்குகிறேன். இளங்காளையைக் குறித்த இலத்தீன் சொல் ஒன்று பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, முதலில் மாட்டையும், பிறகு அதன் கொம்பையும், முடிவில் அந்தக் கொம்பின் வடிவில் உலோகத்தால் செய்த கருவியையும் குறிக்கலாயிற்று. தமிழில் கொம்பு என்ற சொல் நடந்த வழியும் இதுவேதான். விலங்கின் தலையில் முளைப்பதும் கொம்பு, ஊதுவதும் கொம்பு. இரண்டு மொழிகள் ஒன்றையொன்று அறியாமலே ஒரே பாதையில் நடந்திருக்கும்போது, பியூகிளுக்கு நேர்ச்சொல் தேடி அகராதி ஆசிரியர் வெகுதூரம் போக வேண்டியதில்லை. கருவியின் அமைப்பும் இதற்குத் துணை நிற்கிறது. படைகளில் ஊதப்படும் பியூகிளில் விரல் வைக்கத் துளைகளும் இல்லை, அழுத்த விசைகளும் இல்லை; உதட்டின் இறுக்கத்தையும் மூச்சின் வேகத்தையும் மாற்றியே ஐந்தாறு சுரங்களை எழுப்புகிறார்கள். நம் கொம்பும், கோயில்களில் ஊதும் திருச்சின்னமும் அந்த இனத்தவையே. துளைகளை விரலால் மூடித் திறந்து இசைக்கும் குழலும் நாகசுரமும் வேறு இனம். உரைக் குறிப்புகள் சிலவற்றில் இவ்வேறுபாடு முற்றிலும் மறைந்து, எல்லாமே 'ஒருவகை இசைக்கருவி' ஆகிவிடுகின்றன. 'ஒருவகை மலர்', 'ஒருவகைப் பறவை' என்ற குறிப்புகளைப் போலவே இதுவும் மாணவருக்கு எதையும் சொல்லாத குறிப்பு.

ஊதுகொம்புக்குச் சங்க நூல்கள் தரும் பெயர்களில் வயிர் என்பது முதன்மையானது. இன்று யாருடைய பேச்சிலும் இல்லாத சொல் இது. வயிறு, வயிரம் ஆகியவற்றோடு உருவத்தில் நெருங்கியிருப்பதால் புதிய வாசகர் தடுமாறும் சொல்லும் கூட. திருமுருகாற்றுப்படையில் முருகன் எழுந்தருளும் இடத்தில் "அந்தரப் பல்லியம் கறங்கத் திண்காழ் வயிர் எழுந்து இசைப்ப வால்வளை ஞரல" என்று வருகிறது. இரண்டே அடிகளில் மூன்று ஒலிகள். மூன்றுக்கும் தனித்தனி வினைச்சொற்கள். வானத்து வாத்தியங்கள் கறங்குகின்றன, வயிர் எழுந்து இசைக்கிறது, வெண்சங்கு ஞரல்கிறது. அடுத்த அடிகளில் இடிபோன்ற முரசம் சேர்ந்துகொள்ள, கொடியில் இருக்கும் மயில் அகவுகிறது. புலவர் இவற்றை இடம் மாற்றிப் போட்டிருந்தால் யாப்பு கெட்டிருக்குமோ என்னவோ, காது நிச்சயம் கெட்டிருக்கும். ஏனெனில் சங்கின் ஒலி நீண்டு பரவுவது. கொம்பின் ஒலி கீழிருந்து மேலே எழும்புவது. 'எழுந்து' என்ற ஒரு சொல் அந்த எழுச்சியைப் பிடித்து வைத்திருக்கிறது. 'திண்காழ்' என்ற அடையோ, உள்ளே வயிரம் பாய்ந்த உறுதியான பொருளால் ஆனது அக்கருவி என்று குறிப்பாகச் சொல்லிவிடுகிறது. இத்தனையும் இருக்கும் ஓர் அடிக்கு 'வயிர் – இசைக்கருவி' என்று குறிப்பு எழுதினால், புலவர் தந்ததைத் திருப்பிப் பிடுங்கிக்கொள்வதாகவே அது முடியும்.

வயிர் போர்க்கருவி என்று குறிப்பெழுதுவதும் பாதி உண்மைதான். மதுரைக்காஞ்சியில் "வளை நரல வயிர் ஆர்ப்ப" என்று பகைவரை அழிக்கும் படையெடுப்பின் நடுவே அது ஒலிக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் முல்லைப்பாட்டைப் பாருங்கள். நப்பூதனார் பாடிய அந்த 103 அடிகளில் வயிர் ஒலிப்பது போர் முடிந்து மன்னன் திரும்பி வரும் வழியில். கார்காலம் வந்துவிட்டது, தலைவி நெகிழ்ந்து ஓடும் வளையைத் திருத்தியும், தன்னைத் தானே தேற்றியும், மழைநீர் விழும் இன்னிசையைக் கேட்டபடி கிடக்கிறாள். அவள் காது நிறைய ஒலிப்பது அவன் தேரில் பூட்டிய குதிரைகளின் ஆரவாரம். அந்த வரவின் நடுவில்தான் "வயிரும் வளையும் ஆர்ப்ப" என்ற தொடர் வருகிறது. வந்த வேகத்தில் அதே அடியிலிருந்து காட்சி மாறி, நுண்மணலில் செறிந்த இலைகளையுடைய காயா மலர்கிறது, கொன்றை பொன்னாய்ச் சொரிகிறது. கொம்பின் ஒலிக்கும் காயா மலர்வதற்கும் இடையே ஒரு மூச்சுவிடும் இடம்கூட இல்லை. அது வீட்டுக்கு வந்து சேரும் ஒலி. 'போர்க்களத்தில் ஊதப்படுவது' என்ற குறிப்பை மனத்தில் வைத்துக்கொண்டு இந்த அடியைப் படிக்கும் மாணவர், போர் மீண்டும் தொடங்கிவிட்டதோ என்று குழம்பினால் அவரைக் குறை சொல்ல முடியாது.

இவை எல்லாவற்றையும்விட என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்த இடம் குறிஞ்சிப்பாட்டில் இருக்கிறது. மாலைப்பொழுது இறங்குகிறது, மான்கூட்டம் மரத்தடியில் கூடுகிறது, பசுக்கள் கன்றை அழைக்கும் குரலோடு மன்றத்துக்குள் நுழைகின்றன. அப்போது கபிலர் சொல்கிறார்:

"ஏங்குவயிர் இசைய கொடுவாய் அன்றில்
ஓங்கிரும் பெண்ணை அகமடல் அகவ"

வளைந்த அலகுடைய அன்றில், உயர்ந்த பனையின் உள்மடலில் இருந்து துணையை அழைக்கிறது. அதன் குரல் எப்படி இருக்கிறது என்றால், ஏங்குகின்ற வயிரின் ஓசையைப் போல. துணையைப் பிரிந்து வாழாத பறவை என்று தமிழ் மரபு எதைச் சொல்கிறதோ, அந்தப் பறவையின் குரலுக்கு ஊதுகொம்பை உவமையாக்குகிறார் புலவர். கொம்பின் ஒலியில் வீரம் மட்டுமே கேட்டிருந்தால் இந்த உவமை பிறந்திருக்காது. ஏங்குதல் என்ற வினை ஒலிப்பதையும் குறிக்கும், உள்ளம் ஏங்குவதையும் குறிக்கும். இரண்டும் ஒன்றையொன்று விடாமல் இந்த அடியில் பின்னிக் கிடக்கின்றன. உவமைக்கு ஏற்ற கருவி கைக்கெட்டும் தூரத்தில் இன்னொன்றும் இருக்கிறது. இரண்டடி கழித்து, கோவலர் ஆம்பலந் தீங்குழலில் தெளிந்த ஓசை எழுப்புகிறார்கள். ஆயினும் கபிலர் அன்றிலுக்கு இனிய குழலைத் தரவில்லை, ஏங்கும் வயிரைத்தான் தந்தார். வளைந்த அலகுக்கும் வளைந்த கொம்புக்கும் உள்ள வடிவ ஒப்புமையும் அவர் கண்ணில் பட்டிருக்கும் என்று நினைக்கிறேன். இது என் ஊகம், உரையாசிரியர் தலையில் ஏற்ற வேண்டாம்.

கோடு, தூம்பு என்ற வேறு இரு பெயர்களையும் சொல்ல வேண்டும். மலைபடுகடாம் தொடக்கத்தில் கூத்தர் சுமந்து செல்லும் கருவிகளின் பட்டியலில், மயிற்பீலி கட்டி அழகுசெய்த கோடும், களிறு பெருமூச்சு விடுவதுபோல் ஒலிக்கும் "களிற்றுயிர்த் தூம்பும்" வருகின்றன. புறநானூற்றில் வல்வில் ஓரியைப் பாடும் 152ஆம் பாட்டிலும் அதே களிற்றுயிரைத் தொடச் சொல்கிறார் வன்பரணர். யானையின் துதிக்கையைப் பார்த்து ஒரு நீண்ட குழலுக்குப் பெயர் வைத்த அந்தக் கண்ணையும் காதையும் வியக்காமல் இருக்க முடியவில்லை. தூம்பு என்றால் உள்ளே வெறுமையாக இருக்கும் குழாய். ஏரியிலிருந்து நீர் வெளியேறும் தூம்பையும் அந்தச் சொல்லாலேயே குறித்தார்கள். கோடு என்பதோ வளைவு என்ற அடிப்படையிலிருந்து கிளைத்த சொல். யானையின் தந்தம், மரக்கிளை, சங்கு, ஊதுகொம்பு என்று அத்தனைக்கும் பெயராகி, நெஞ்சம் ஒரு பக்கம் வளையாத நிலையைக் 'கோடாமை' என்று குறள் சொல்லும் வரை போகிறது. ஒரு சொல்லுக்கு இத்தனை பொருள்களை 1, 2, 3 என்று எண்ணிட்டு எழுதும்போது, எதிலிருந்து எது கிளைத்தது என்று ஒரு வரி சேர்த்தால் என்ன குறைந்துவிடும்?

பிற்காலப் பெயர்களில் வேறு வகைச் சிக்கல் இருக்கிறது. சின்னம், தாரை, காளம் என்ற மூன்றுமே வேறு பொருளில் இன்று நன்கு பழகிய சொற்கள். சின்னம் என்றால் தேர்தல் சின்னம், நினைவுச்சின்னம். தாரை என்றால் கண்ணீர்த் தாரை, தாரை வார்த்தல். காளம் என்றால் கருமை. பெரியபுராணத்தில் திருநெல்வாயில் அரத்துறை இறைவன் ஞானசம்பந்தருக்கு முத்துச் சிவிகையும் குடையும் சின்னமும் அருளும் பகுதியை நடத்தும்போது, 'சின்னம் ஊதின' என்ற இடத்தில் மாணவர்கள் விழிப்பதை எந்தத் தமிழாசிரியரும் கண்டிருப்பார். அந்தப் பகுதியில் சேக்கிழார் சின்னங்களைக் "கூறி ஊத" என்று சொல்வதைக் கவனியுங்கள். கொம்பு ஊதுகிறது, ஊதும்போதே பெயரைக் கூறுகிறது. வருபவர் இன்னார் என்று அறிவிப்பது அதன் வேலை. இரண்டு மெல்லிய நேர்க்குழல்களை ஒருவரே ஒருசேர வாயில் வைத்து ஊதும் திருச்சின்னம் கோயில்களில் செய்வதும் அந்த அறிவிப்பைத்தான். வேதாந்த தேசிகர் காஞ்சிப் பேரருளாளன் மீது பாடிய திருச்சின்னமாலையில் அடிகள் 'வந்தார்', 'வந்தார்' என்று முடிந்து முடிந்து வருகின்றன. வாய்விட்டுப் படித்தால் அது ஊதுகருவியின் ஓசையையே சொல்லால் எழுப்பிக் காட்டும் செய்யுள் என்பது விளங்கும். திருச்சின்னம் என்ற தலைச்சொல்லுக்கு 'கோயிலில் ஊதும் ஒருவகைக் குழல்' என்று எழுதுவதோடு நிற்காமல், இறைவன் வரவை அறிவிப்பது என்ற மூன்று சொற்களைச் சேர்த்தால் அந்தப் பாசுரங்களின் கதவு திறந்துவிடும்.

தமிழ் வேதாகமத்தை மொழிபெயர்த்தவர்கள் இவ்வகையில் நமக்கு முன்னோடிகள் என்றே சொல்வேன். எபிரேய மூலத்தில் ஆட்டுக்கடாவின் கொம்பால் ஆன கருவிக்கு ஒரு பெயரும், வெள்ளித் தகட்டால் அடித்த நேரான கருவிக்கு வேறொரு பெயரும் உண்டு. நெடுங்காலமாகத் திருச்சபைகளில் வாசிக்கப்படும் பழைய தமிழாக்கம் முன்னதற்குப் பெரும்பாலும் எக்காளம் என்றும், பின்னதற்குப் பூரிகை என்றும் வேறுபடுத்தி எழுதியது. 98ஆம் சங்கீதத்தில் "பூரிகைகளாலும் எக்காள சத்தத்தாலும்" என்று இரண்டும் அருகருகே நிற்கின்றன. எண்ணாகமம் பத்தாம் அதிகாரத்தில் இரண்டு பூரிகைகளையும் ஊதினால் சபை முழுவதும் கூட வேண்டும், ஒன்றை மட்டும் ஊதினால் தலைவர்கள் மட்டும் கூட வேண்டும் என்று விதி சொல்லப்படுகிறது. சொல்லே இல்லாமல் ஒரு கூட்டத்துக்குக் கட்டளையிடும் கருவி என்ற வகையில், இன்றைய படைமுகாமின் பியூகிளுக்கு மிக நெருங்கிய உறவு இதுதான். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. வேதாகமத் தமிழில் எக்காளத்துக்கு ஏளனத்தின் சாயல் சிறிதும் கிடையாது. "எக்காளம் தொனிக்கும்" என்பது மரித்தோர் எழும் நாளின் ஒலி. ஒரே சொல் ஒரு வாசகருக்கு உயிர்த்தெழுதலையும் இன்னொருவருக்குக் கெக்கலியையும் நினைவூட்டுகிறது என்றால், அகராதி இரண்டையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இப்படிக் கருவிகள் வசையாகவும் பழிப்பாகவும் தேய்வது எக்காளத்துக்கு மட்டும் நேர்ந்ததன்று. தம்பட்டம் தற்பெருமையாயிற்று; நாகசுரத்துக்குச் சுருதி கொடுக்கும் ஒத்து, 'ஒத்து ஊதுபவன்' என்று தலையாட்டியின் பட்டமாயிற்று; ஜால்ராவின் கதை எல்லோரும் அறிந்தது; மங்கலத்துக்கும் ஒலித்த சங்கு, 'சங்கு ஊதிவிட்டார்கள்' என்றால் கதை முடிந்ததாக ஆயிற்று. ஆயினும் சங்குக்குக் கவிஞர்கள் துணை நின்றார்கள். பாரதியார் விடுதலையைப் பாடும்போது "சங்கு கொண்டே வெற்றி ஊதுவோமே" என்றார். பாரதிதாசன் சங்கையே விளித்து முழங்கச் சொன்னார். முரசுக்கும் அவ்வாறே புதுவாழ்வு கிடைத்தது. கொம்புக்கு அப்படி ஒரு பெருங்கவிஞரின் கை கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். 'உனக்கென்ன கொம்பு முளைத்திருக்கிறதா', 'கொம்பு சீவி விடுகிறான்' என்ற வழக்குகளில் மிஞ்சியிருப்பது மாட்டின் கொம்புதான். ஊதும் கொம்பு வழக்கிலிருந்து நழுவியதால்தான், மொழிபெயர்ப்பாளர்கள் பியூகிள் என்று அப்படியே எழுதிவிட்டுக் கடந்துபோகிறோம். பியூகிள் என்று எழுதுவதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. அணிவகுப்பு பற்றிய செய்திக் குறிப்புக்கு அதுவே போதும். கதையிலும் கவிதையிலும் அது போதாது.

என் கையெழுத்துப் படியில் இருந்த காட்சிக்குத் திரும்புகிறேன். அடக்கத்தின்போது ஊதப்பட்டது 'லாஸ்ட் போஸ்ட்' எனப்படும் மெட்டு. படைமுகாமில் அன்றைய நாள் முடிந்தது, காவல் நிலைகள் எல்லாம் சரிபார்க்கப்பட்டன என்பதற்கு அடையாளமாக இரவில் ஊதப்பட்டுவந்தது, பிறகு இறந்த வீரருக்கு விடைகொடுக்கும் இசையாயிற்று. பெல்ஜியத்தின் ஈப்பர் நகரில் மெனின் வாயிலின் கீழே, முதல் உலகப் போரில் மாண்டவர்களுக்காக 1928 முதல் மாலைதோறும் எட்டு மணிக்கு அது ஊதப்படுகிறது. இரண்டாம் உலகப் போரில் நகரம் பகைவர் வசமிருந்த ஆண்டுகளில் மட்டும் தடைப்பட்டது. நாள் முடிவதும் வாழ்வு முடிவதும் ஒரே ஒலியில் கலந்த இந்த மெட்டுக்கு 'முழங்கியது' என்ற வினையே பொருந்தாது என்பது எனக்குக் குறிஞ்சிப்பாட்டைப் படித்த பிறகுதான் உறைத்தது. மாலையில் எழும் குரல், துணையை அழைக்கும் குரல், ஏங்கும் குரல். கபிலர் வைத்துவிட்டுப் போன வினைச்சொல் அங்கேயே காத்திருந்தது. 'குழிக்கருகே கொம்பு ஏங்கி ஓய்ந்தது' என்று திருத்தி அனுப்பினேன். இரண்டாம் மெய்ப்பில் அந்த வரியின் ஓரம் வெறுமையாக இருந்தது.

1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி, பொருளோடு நிற்காமல் இலக்கிய அடியையும் பல இடங்களில் எடுத்துக் காட்டியது. பின்னர் வந்த கையடக்கப் பதிப்புகள் இடத்தை மிச்சம்பிடிக்க முதலில் வெட்டியது அந்த அடிகளைத்தான். தாளில் அச்சிட்ட காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. திரையில் படிக்கும் அகராதிக்கு அந்த நியாயம் இல்லை. ஆகவே என் வேண்டுகோள் சிறியது. ஊதுகருவிப் பெயர் ஒவ்வொன்றுக்கும் அது வளைந்ததா நேரானதா, துளையுள்ளதா இல்லாததா என்பதை ஒரு தொடரில் சொல்லுங்கள். இலக்கியத்தில் அது எந்த வினைச்சொல்லோடு வருகிறது என்பதைக் காட்டுங்கள். ஆர்த்தல், இசைத்தல், ஏங்குதல், தொனித்தல் என்ற வேறுபாடு அதில்தான் இருக்கிறது. எக்காளம் போன்ற சொல்லுக்கு இன்றைய வழக்கில் ஏறிய சாயலை மறைக்காமல் குறியுங்கள். வயிர் என்ற தலைச்சொல்லின் கீழ்த் திருமுருகாற்றுப்படையோடு முல்லைப்பாட்டையும் குறிஞ்சிப்பாட்டையும் சேர்த்து வையுங்கள். பாடநூல் குறிப்பெழுதுவோர் 'இசைக்கருவி' என்ற சொல்லை எழுதக் கை போகும்போதெல்லாம், அது அந்தப் பாட்டில் என்ன அறிவிக்கிறது என்று ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். பியூகிளுக்கு நேராக இருக்கும் அந்த மூன்று சொற்களின் நடுவே உள்ள காற்புள்ளிகளை எடுத்துவிட்டு, ஒவ்வொன்றையும் தனி வரியில், அதனதன் குறிப்போடு, அடுத்த பதிப்பிலாவது அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் அகராதிகளை நாள்தோறும் புரட்டும் ஒரு மொழிபெயர்ப்பாளன்